சிப் திட்டத்துக்கு அரசு, தனியார் கூட்டு நிதி: விண்ணப்பம் முதல் கடைசித் தவணை வரை

சிப் ஆய்வுக்கோ உற்பத்திக்கோ அரசு நிதியை நாடுபவர்கள் அறிவிப்பில் முதலில் தேடுவது சதவீதத்தைத்தான். செலவில் பாதியைத் தருகிறார்களா, மூன்றில் ஒரு பங்கைத் தருகிறார்களா என்பது தெரிந்திருக்க வேண்டியதே. ஆனால் அந்தச் சதவீதம் எந்தச் செலவின் மீது கணக்கிடப்படுகிறது, பணம் எப்போது கைக்கு வருகிறது, எந்தச் சூழ்நிலையில் வராமல் போகும் என்ற மூன்றுக்கும் விடை காணாமல் திட்டத்தை வகுத்தால், மானியம் கிடைத்த பிறகே உண்மையான சிக்கல் தொடங்கும். பல்கலைக்கழக ஆய்வுக் குழு, சிறிய வடிவமைப்பு நிறுவனம், ஆலை அமைக்க நினைக்கும் நிறுவனம் ஆகிய மூன்று தரப்பையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஆலைக்கான பகுதி நீளமாக இருப்பதற்குக் காரணம், பணம் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

அறிவிப்பு வேறு, ஒப்பந்தம் வேறு, பட்டுவாடா வேறு என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. அமெரிக்க அரசு 2024 அக்டோபரில் சிப் தயாரிக்கும் வுல்ஃப்ஸ்பீட் நிறுவனத்துடன் 75 கோடி டாலர் மானியத்துக்கான பூர்வாங்க ஒப்பந்தக் குறிப்பை அறிவித்தது. அந்தக் குறிப்பு இறுதி ஒப்பந்தமாகவே மாறவில்லை. நிறுவனம் 2025 ஜூனில் திவால் பாதுகாப்பு கோரியது. இறுதி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் நிதியின் வடிவம் மாறக்கூடும். இன்டெல் நிறுவனத்துக்கு 2024 நவம்பரில் உறுதியான மானியத்தில் இன்னும் தரப்படாமல் இருந்த பகுதி, 2025 ஆகஸ்டில் அரசு வாங்கிய பங்குகளுக்கான விலையாக மாற்றப்பட்டது; அதன்வழி நிறுவனத்தில் ஏறத்தாழ 10 சதவீதம் அரசிடம் வந்தது. ஆகவே விண்ணப்பம் எழுதும் நாளிலேயே, அறிவிக்கப்பட்ட பணத்தை இருப்பாகக் காட்டாத ஒரு வரவு செலவுத் திட்டத்தையும் தனியாக வைத்திருக்க வேண்டும்.

எந்த நிலையில் இருக்கிறீர்களோ அதற்கேற்ற பணம்

ஆய்வகத்தில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர் இயங்கிக் காட்டுவதற்கும், அதே டிரான்சிஸ்டர் ஆயிரக்கணக்கான வேஃபர்களில் (சிப்கள் செதுக்கப்படும் மெல்லிய வட்டத் தகடுகளில்) ஒரேமாதிரி வெளிவருவதற்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. தொழில்நுட்ப முதிர்ச்சியை 1 முதல் 9 வரை அளக்கும் அளவுகோலில், முதல் மூன்று படிகளைப் பல்கலைக்கழக மானியங்கள் தாங்குகின்றன. கடைசி இரண்டு படிகளுக்கு வங்கியும் முதலீட்டாளரும் வருவார்கள். நான்கு முதல் ஏழு வரையிலான படிகளில்தான் இருவரும் தயங்குகிறார்கள். கூட்டு நிதி என்ற ஏற்பாடே பெரும்பாலும் இந்த நடுப்பகுதிக்காகப் பிறந்ததுதான்.

தொடக்க நிலை ஆய்வுக்கு நிதி தேடுபவர்கள், போட்டி நிறுவனங்கள் ஒன்றாகச் செலவு செய்ய உடன்படும் பொதுச் சிக்கலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜப்பானில் 1976 முதல் 1979 வரை நடந்த பேரளவு ஒருங்கிணைப்புச் சுற்றுத் திட்டத்தில் ஃபுஜித்சு, ஹிட்டாச்சி, மிட்சுபிஷி, என்இசி, தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் அரசுடன் சேர்ந்தன; செலவில் ஏறத்தாழ 40 சதவீதத்தை அரசு ஏற்றது. எலக்ட்ரான் கற்றை வழியே வடிவம் வரைதல் போன்ற அனைவருக்கும் தேவையான அடிப்படை வேலைகள் கூட்டு ஆய்வகத்திலும், பொருளுக்கு நெருக்கமான வேலைகள் நிறுவனங்களின் சொந்த ஆய்வகங்களிலும் நடந்தன. இந்தப் பிரிவினைதான் அந்தத் திட்டத்தைத் தாங்கியது என்பது என் கருத்து.

அமெரிக்காவின் செமாடெக் இதே பாடத்தைச் சற்றுக் கடினமான வழியில் கற்றது. 14 நிறுவனங்கள் சேர்ந்து 1987-இல் தொடங்கிய அந்தக் கூட்டமைப்புக்குப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி டாலர் தந்தது. நிறுவனங்களும் அதே அளவு போட்டன. உற்பத்திச் செய்முறையைக் கூட்டாக உருவாக்குவது என்ற தொடக்க எண்ணம் சரிவரவில்லை, ஏனெனில் தம் செய்முறை ரகசியங்களைப் போட்டியாளர் முன் வைக்க எவரும் விரும்பவில்லை. பிறகு அந்த அமைப்பு, அனைவரும் வாங்கும் இயந்திரங்களைத் தயாரிக்கும் நிறுவனங்களை மேம்படுத்துவதில் கவனத்தைத் திருப்பியது. அதன் பின்னரே உறுப்பினர்களுக்கு அதில் பிடிப்பு ஏற்பட்டது. 1996-க்குப் பிறகு அரசு நிதி இல்லாமலும் அது தொடர்ந்து இயங்கியது. உங்கள் கூட்டமைப்பு முன்மொழிவை எழுதி முடித்ததும், ஒவ்வொரு உறுப்பினரும் எதை மேசையில் வைக்க மறுப்பார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். முன்மொழிவின் மையப்பணி அந்தப் பட்டியலில் இருந்தால், பணியை மாற்றுவதே நல்லது.

நடுப்படிகளில் இருப்பவர்கள் தாமே தூய அறை (சிப் செய்வதற்கான தூசியற்ற கூடம்) கட்டுவதை விட, ஏற்கெனவே இருக்கும் முன்னோடி உற்பத்தித் தடத்தில் (சோதனை அளவில் சிப் செய்து பார்க்கும் வரிசையில்) இடம் பெறுவதற்கு நிதி கேட்பது பெரும்பாலும் சரியான முடிவாக இருக்கும். பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1984-இல் தொடங்கப்பட்ட ஐமெக் என்ற சிப் ஆய்வு மையம், அப்பகுதியின் ஃபிளாண்டர்ஸ் அரசின் ஆதரவில் பிறந்து, இன்று வருவாயின் பெரும்பகுதியைத் தொழில் கூட்டாளிகளிடமிருந்து பெறுகிறது. ஐரோப்பிய சிப் சட்டத்தின் கீழ் அங்கே அமையும் நானோஐசி என்ற முன்னோடித் தடத்துக்கான 250 கோடி யூரோவில் 140 கோடி பொதுநிதி, எஞ்சியது தொழில்துறையின் பங்கு. சிறு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் இத்தகைய தடங்களைப் பயன்படுத்த வழி இருக்கிறது. கட்டடம் கட்டிப் பெயர்ப்பலகை வைப்பதில் உள்ள ஆசை ஆய்வுக் குழுக்களையும் விட்டுவைப்பதில்லை என்பதால் இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிதி இடைவெளியைக் கணக்கிடுதல்

ஆலைக்கான விண்ணப்பத்தின் இதயம் நிதி இடைவெளிக் கணக்கு. திட்டத்தின் ஆயுட்காலம் முழுவதற்கும் வரவு செலவைக் கணித்து, அதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், அரசு உதவி இல்லாதபோது கணக்கு நட்டத்தில் முடிய வேண்டும்; உதவி சேரும்போது முதலீட்டாளர் ஏற்கும் நியாயமான லாபத்தில் நிற்க வேண்டும். ஐரோப்பிய ஆணையம் அரசு உதவியை அனுமதிக்கும்போது இந்த இடைவெளியைத் தாண்டிய தொகையை ஏற்பதில்லை. நட்டம் மிகக் குறைவாக இருந்தால் உதவி தேவையில்லை என்பார்கள், மிக அதிகமாக இருந்தால் உதவி தந்தாலும் பிழைக்காது என்பார்கள்.

கணக்கோடு சான்றும் வேண்டும். உதவி இல்லாவிட்டால் நிறுவனம் வேறு என்ன செய்திருக்கும் என்ற கேள்விக்கு, விண்ணப்பத்துக்காகப் பின்னர் எழுதப்பட்ட விளக்கத்தை விட, முடிவெடுத்த காலத்தில் இயக்குநர் குழுவின் முன் வைக்கப்பட்ட ஆவணம் பன்மடங்கு வலுவானது. ஆலையை வேறிடத்தில் அமைப்பதற்கான ஒப்பீடு, சிறிய அளவில் தொடங்குவதற்கான மாற்று, முதலீட்டையே கைவிடும் வாய்ப்பு ஆகியவை குழுவின் கூட்டக் குறிப்பில் இடம்பெற்றிருந்தால் அவற்றைப் பாதுகாத்து வையுங்கள். ஒரு நடைமுறை எச்சரிக்கையும் இதனுடன் சேர்கிறது: விண்ணப்பிப்பதற்கு முன்பே இயந்திரம் வாங்க ஆணை கொடுத்துவிட்டால், உதவி இல்லாமலும் திட்டம் நடந்திருக்கும் என்று அந்த ஆணையே சாட்சி சொல்லிவிடும்.

தகுதிச் செலவு, அதாவது மானியத்துக்கான கணக்கில் ஏற்கப்படும் செலவு, எது என்பதைத் திட்டத்தின் விதிமுறையில் வரிக்கு வரி படிக்க வேண்டும். நிலம், நடைமுறை மூலதனம், கடன் வட்டி ஆகியவை பல திட்டங்களில் கணக்கில் சேர்வதில்லை. பழைய இயந்திரங்களுக்குத் தனி மதிப்பீட்டு விதி இருக்கும். பல மூலங்களிலிருந்து பொதுநிதி பெறும்போது மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்பும் இருக்கக்கூடும். அமெரிக்காவில் 2022 ஆகஸ்டில் கையெழுத்தான சிப் சட்டம் உற்பத்தி ஊக்கத்துக்கு ஒதுக்கிய 3,900 கோடி டாலரிலிருந்து நேரடி மானியம் பொதுவாக மூலதனச் செலவில் 5 முதல் 15 சதவீதமாகவும், கடனும் சேர்ந்தால் 35 சதவீதத்துக்கு மிகாமலும் இருக்கும் என்று விதி வகுக்கப்பட்டது. அதற்கு வெளியே முதலீட்டு வரிக்கழிவு தனியாக 25 சதவீதம் இருந்தது. 2025-இல் அது 35 சதவீதமாக உயர்த்தப்பட்டது. மறுமுனையில் இந்தியாவின் ஏற்பாட்டில் ஒன்றிய அரசே பாதியை ஏற்கிறது. சானந்தில் மைக்ரான் அமைக்கும் 275 கோடி டாலர் ஆலையில் ஒன்றிய அரசு 50 சதவீதமும் குஜராத் அரசு 20 சதவீதமும் ஏற்க, நிறுவனத்தின் பங்கு 82.5 கோடி டாலராக நின்றது. சதவீதங்களை மட்டும் அருகருகே வைத்து நாடுகளை ஒப்பிடுவது பயனற்றது. மின்கட்டணம், கட்டுமானச் செலவு, பொறியாளர் கிடைக்கும் நிலை, பணம் வரும் வேகம் ஆகியவற்றையும் சேர்த்த பிறகே இடைவெளியின் உண்மை அளவு தெரியும்.

தனியார் பங்கை நம்பவைத்தல்

மதிப்பீட்டுக் குழு விண்ணப்பத்தில் முதலில் சோதிப்பது உங்கள் பங்குப் பணம் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை. அடுத்துச் சோதிப்பது, செய்யப்போகும் சிப்பை வாங்க ஆள் இருக்கிறதா என்பதை. இரண்டுக்கும் ஒரே விடையாக அமைவது, வாடிக்கையாளரையே பங்குதாரராக்குவது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் அமையும் இஎஸ்எம்சி ஆலையில், பிறருக்காகச் சிப் தயாரித்துத் தரும் தைவான் நிறுவனமான டிஎஸ்எம்சிக்கு 70 சதவீதம், பாஷ், இன்ஃபினியன், என்எக்ஸ்பி ஆகிய மூன்றுக்கும் தலா 10 சதவீதம் பங்கு. அந்த மூன்றும் அங்கே தயாராகும் வகைச் சிப்களைத் தொடர்ந்து தேடும் நிறுவனங்கள். 1,000 கோடி யூரோவைத் தாண்டும் அந்தத் திட்டத்துக்கு 500 கோடி யூரோ ஜெர்மன் அரசின் உதவி 2024 ஆகஸ்டில் அனுமதி பெற்றது. ஜப்பானின் குமாமோட்டோவில் உள்ள டிஎஸ்எம்சி ஆலையிலும் சோனியும் டென்சோவும் இதே முறையில் சிறுபங்குதாரர்களாக இருக்கின்றன.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் இன்டெல் அமைக்க நினைத்த ஆலை நிற்கிறது. ஏறத்தாழ 3,000 கோடி யூரோ முதலீட்டுக்கு 990 கோடி யூரோ உதவி பேசி முடிக்கப்பட்டிருந்தும், இன்டெல் 2024-இல் திட்டத்தை ஒத்திவைத்து 2025 ஜூலையில் கைவிட்டது. போதிய தேவை உருவாகும் முன்பே அளவுக்கு மீறி முதலீடு செய்யப்பட்டுவிட்டது என்பதே நிறுவனம் தன் விரிவாக்கங்களைப் பற்றிப் பொதுவாகச் சொன்ன காரணம். மானியம் எவ்வளவு பெரிதானாலும் அது வாடிக்கையாளரின் கொள்முதல் ஆணைகளைக் கொண்டுவராது. வாடிக்கையாளரிடமிருந்து பெறும் விருப்பக் கடிதத்தில் அளவு, விலை வரம்பு, காலம், தரச்சான்று பெற வேண்டிய நாள் ஆகிய நான்கும் இல்லையென்றால் மதிப்பீட்டாளர் அதை மரியாதைக் கடிதமாகவே படிப்பார்.

ஆய்வுத் திட்டங்களில் தனியார் பங்கு பெரும்பாலும் பணமாக வராமல் பொருளாக வரும்: இயந்திர நேரம், வேஃபர், மென்பொருள் உரிமம், பொறியாளரின் உழைப்பு. இதற்கு மதிப்புப் போடும்போது விலைப்பட்டியல் விலையை எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வடிவமைப்பு மென்பொருளைப் பட்டியல் விலையில் எவரும் வாங்குவதில்லை என்பது தணிக்கையாளருக்கும் தெரியும் என்பதால், உண்மையில் செலுத்தப்பட்ட விலைக்கான பற்றுச்சீட்டோ, இயந்திரத்தின் மணிநேரப் பயன்பாட்டுப் பதிவேடோ இல்லாத பொருள்பங்கை நம்பித் திட்டத்தின் விகிதத்தைக் கட்டாதீர்கள்.

பணம் வரும் நாள்

கொள்முதல் ஆணை முதல் அரசின் தவணை வரையிலான கால இடைவெளியை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். மொத்தச் செலவு 100 கோடி. கட்டடமும் தூய அறையும் 30, இயந்திரங்கள் 60, சோதனை ஓட்டமும் பயிற்சியும் 10. அரசு 40 சதவீதம் தருகிறது, செலவு செய்த பிறகு ஈடு செய்யும் முறையில்: தூய அறை முடிந்ததும் 10 கோடி, இயந்திரங்கள் நிறுவி ஏற்றுக்கொள்ளப்பட்டதும் 20 கோடி, உற்பத்தித் தகுதி பெற்றதும் 10 கோடி. நிறுவனம் தன் பங்கு 60 கோடி என்று நினைத்து அதை மட்டும் திரட்டுகிறது.

இயந்திர விற்பனையாளர் ஆணையின்போது 30 சதவீதம், அனுப்பும்போது 60 சதவீதம், நிறுவி ஏற்றுக்கொண்ட பிறகு 10 சதவீதம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 18, 36, 6 கோடி. இயந்திரங்கள் நிறுவப்பட்டு, இரண்டாம் தவணைக்கான கோரிக்கை அனுப்பப்படும் நாளில், கட்டடத்துக்கு 30, இயந்திரங்களுக்கு 60, பயிற்சிக்கு 4 என 94 கோடி வெளியே போயிருக்கும். உள்ளே வந்தது முதல் தவணை 10 கோடி மட்டும். அன்றைக்கு நிறுவனம் தாங்கி நிற்கும் தொகை 84 கோடி. திரட்டிய 60-க்கும் இதற்கும் இடையே 24 கோடி பற்றாக்குறை. சரிபார்ப்புக்கு ஆறு மாதம் ஆனால், 10 சதவீத வட்டியில் இடைக்காலக் கடனுக்கு 1.2 கோடி வட்டி, அதுவும் தகுதிச் செலவில் சேராத வட்டி. 40 சதவீத மானியம் என்பது திட்டத்தின் கடைசி நாளில் உண்மை; நடுவில் ஒரு நாளில் அது 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது.

எனவே விதிமுறையில் ஈடு செய்யும் முறையா, உடன்செலுத்தும் முறையா என்பதை முதலில் பாருங்கள். இந்தியா 2022 செப்டம்பரில் தன் திட்டத்தைத் திருத்தியபோது, எல்லாத் தொழில்நுட்ப அளவுகளுக்கும் 50 சதவீதம் என்று சீராக்கியதோடு, நிறுவனம் செலவிடச் செலவிட அரசும் தன் பங்கைச் சேர்த்துச் செலுத்தும் முறையையும் கொண்டுவந்தது. ஆலை அமைப்பவருக்குச் சதவீத உயர்வுக்கு இணையான மதிப்பு இந்த இரண்டாவது மாற்றத்துக்கும் உண்டு. வரிக்கழிவு என்றால் அது பொதுவாக இயந்திரம் பயன்பாட்டுக்கு வந்த ஆண்டில்தான் எழும் என்பதால், அதைக் கட்டுமானக் காலத்துக்கான பணமாகக் கணக்கில் காட்டக் கூடாது.

சிறிய வடிவமைப்பு நிறுவனங்களுக்குத் தொகை சிறிது, சிக்கல் அதேதான். இந்தியாவின் வடிவமைப்பு ஊக்கத் திட்டம் தகுதிச் செலவில் 50 சதவீதத்தை, ஒரு விண்ணப்பத்துக்கு 15 கோடி ரூபாய் வரை ஈடு செய்கிறது. விற்பனைக்கு வந்த பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு நிகர விற்பனையில் 6 முதல் 4 சதவீதம், 30 கோடி ரூபாய் வரம்போடு தருகிறது. முகமூடித் தொகுதிக்கான (சிப்பின் வடிவத்தை வேஃபரில் பதிக்கும் அச்சுத் தகடுகளுக்கான) பணத்தை ஆலைக்கு முதலில் கட்ட வேண்டியவர் நீங்கள்தான். பலருடைய வடிவமைப்புகள் ஒரே வேஃபரைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டு ஓட்டத்தில் முதல் மாதிரியை எடுத்துவிட்டு, அது இயங்கிய பிறகு முழு முகமூடிக்கு விண்ணப்பிப்பது இந்தச் சுமையைக் குறைக்கும்.

மைல்கல்லை எழுதுவது

தவணை மைல்கல்லோடு கட்டப்பட்டிருப்பதால், ஒப்பந்தத்தில் மிகுந்த கவனத்தோடு எழுத வேண்டிய பகுதி அதுவே. “யீல்டு (சோதனையில் தேறும் சிப்களின் விகிதம்) கணிசமாக உயர்த்தப்படும்” என்று எழுதினால், கணிசம் என்பதை முடிவு செய்யும் உரிமையை எதிர்த்தரப்பிடம் கொடுத்துவிட்டீர்கள். உயர் மின்னழுத்தச் சிப்களுக்கான சிலிக்கன் கார்பைடு திட்டம் ஒன்றுக்கு, ஒன்றாக ஓடும் வேஃபர் தொகுதியை லாட் என்று குறித்து, இப்படி எழுதலாம்: “200 மில்லிமீட்டர் வேஃபரில், மாற்றமின்றி நிலைநிறுத்தப்பட்ட ஒரே செய்முறைப் பதிப்பில், அடுத்தடுத்து ஓடிய மூன்று லாட்களில், லாட்டுக்கு 25 வேஃபர் என்ற கணக்கில், 1,200 வோல்ட் டயோடின் மின்சோதனை யீல்டு ஒவ்வொரு லாட்டிலும் 70 சதவீதத்துக்குக் குறையாதிருத்தல், இயந்திரப் பழுதால் நிறுத்தப்பட்ட லாட் கணக்கில் சேராது.” இந்த வாசகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. செய்முறை மாற்றமின்றி நிற்பதால் லாட்டுக்கு லாட் மாற்றிச் சரிசெய்தார்கள் என்ற ஐயம் எழாது. பழுதைப் பற்றிய கடைசித் தொடர், ஒரு பம்பு நின்றுபோனதற்காகத் தவணையே நின்றுபோகாமல் காக்கும்.

நாளைக் குறிக்கும்போது லாட் ஓடும் காலத்தை மறக்கக் கூடாது. ஒரு வேஃபர் தொடக்கத்திலிருந்து சோதனை வரை செல்வதற்கு, செய்முறையின் சிக்கலைப் பொறுத்து, பல வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். மூன்றாவது லாட்டில் தோற்றால் மீண்டும் முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கும் என்பதால், ஒரு முழுச் சுற்றுக்கான அவகாசத்தை அட்டவணையில் வெளிப்படையாகவே எழுதி வையுங்கள். மதிப்பீட்டுக் குழுவில் ஆலை அனுபவம் உள்ளவர் இருந்தால், அவகாசமில்லாத அட்டவணையைக் கண்டுதான் அவர் முகம் சுளிப்பார்.

உரிமையும் நிபந்தனையும்

அறிவுசார் சொத்துரிமையில் இரண்டு வகையைப் பிரித்து எழுத வேண்டும்: திட்டத்துக்கு முன்பே கையில் இருந்தது, திட்டத்துக்குள் பிறப்பது. முதல் வகைக்கு ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் பட்டியல் தேவை; பட்டியலில் இல்லாதது பிற்பாடு திட்டத்தில் பிறந்ததாகக் கருதப்படும் அபாயம் உண்டு. இரண்டாவது வகையில் யார் உரிமையாளர் என்பதோடு, யாருக்கு உரிமம் தரலாம், எங்கே உற்பத்தி செய்யலாம் என்பதும் கேள்வியாகும். 1997-இல் இன்டெல் தலைமையில் நிறுவனங்கள் சேர்ந்து, அமெரிக்க எரிசக்தித் துறையின் தேசிய ஆய்வகங்களில் அதிபுற ஊதா லித்தோகிராஃபி (மிக நுண்ணிய வடிவங்களை ஒளியால் வேஃபரில் பதிக்கும் முறை) ஆய்வுக்குப் பணம் போட்டபோது, வெளிநாட்டு இயந்திர நிறுவனங்களை உள்ளே விடுவதா என்பதை அரசும் சேர்ந்தே தீர்மானித்தது. நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நுழைய முடிந்தது, ஜப்பானின் நிக்கான் நுழைய முடியவில்லை. இன்று அந்த இயந்திரத்தைச் செய்வது உலகில் ஏஎஸ்எம்எல் ஒன்றுதான். தனியார் பணமே என்றாலும், பொது ஆய்வகத்தில் செலவிடப்பட்டால் உரிமம் குறித்த முடிவில் அரசுக்கு இடம் இருக்கும் என்பதைக் கூட்டாளிகள் கையெழுத்திடும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

மானியத்தோடு வரும் கட்டுப்பாடுகளை நிதிப்பிரிவு மட்டும் படித்தால் போதாது. விற்பனை, மனிதவளம், சட்டம் ஆகிய பிரிவுகளும் படிக்க வேண்டும். அமெரிக்க மானியம் பெற்றவர்கள் பத்து ஆண்டுகளுக்குக் குறிப்பிட்ட நாடுகளில் உற்பத்தித் திறனைப் பெரிய அளவில் விரிவாக்கக் கூடாது. 15 கோடி டாலருக்கு மேல் பெற்றவர்களின் வரவு கணித்ததை விட வெகுவாக உயர்ந்தால், மானியத்தில் 75 சதவீதத்துக்கு மிகாத அளவு அரசுடன் பகிர வேண்டும் என்றும் விதி இருந்தது. இஎஸ்எம்சி, எதிர்பார்ப்பைத் தாண்டிய லாபத்தை ஜெர்மனியுடன் பகிரவும், பற்றாக்குறைக் காலத்தில் முன்னுரிமை ஆணைகளை ஏற்கவும் ஒப்புக்கொண்டது. இந்தியாவின் வடிவமைப்புத் திட்டத்தில் ஊக்கத்தொகை பெற்ற நிறுவனம் மூன்று ஆண்டுகளுக்கு உள்நாட்டு நிறுவனமாகவே நீடிக்க வேண்டும். விரைவில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் விற்றுவிடும் எண்ணத்தோடு இருப்பவர்கள் இந்த ஒரு வரிக்காகவே விண்ணப்பிக்காமல் இருப்பது நல்லது.

அரசு மானியமாகத் தராமல் பங்கு மூலதனமாகத் தர முன்வந்தால் உடனே மறுத்துவிட வேண்டியதில்லை. டிஎஸ்எம்சி 1987-இல் தொடங்கியபோது ஏறத்தாழ பாதிப் பங்கு தைவான் அரசின் வளர்ச்சி நிதியிடமும், நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல் பிலிப்ஸ் நிறுவனத்திடமும் இருந்தன. பங்குக்குத் திருப்பிச் செலுத்தும் கெடுவோ ஈடு செய்யும் சரிபார்ப்போ இல்லை. அதற்கு மாற்றாக, இயக்குநர் குழுவில் இடம், வாக்குரிமையின் வரம்பு, பங்கை விற்று வெளியேறும் முறை ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் வரத் தொடங்கிய பிறகு செய்ய வேண்டியது பெரும்பாலும் ஆவண வேலை. மானியத்தில் வாங்கிய ஒவ்வொரு இயந்திரத்துக்கும் வரிசை எண், பற்றுச்சீட்டு, நிறுவிய நாள், ஏற்புச் சான்று ஆகியவை கொண்ட தனிப் பதிவேடு வைத்து, பொதுக் கணக்கிலிருந்து பிரித்த வங்கிக் கணக்கின் வழியே மட்டும் செலவிடுங்கள். நிபந்தனைக் காலம் முடியும் முன் இயந்திரத்தை விற்பதானாலும், அடமானம் வைப்பதானாலும், வேறு ஆலைக்கு மாற்றுவதானாலும் முன் அனுமதி கேட்டு எழுத்தில் பெற வேண்டும். வங்கிக் கடனுக்கு அதே இயந்திரத்தை ஈடாகக் காட்டும்போது, முதல் உரிமை வங்கிக்கா அரசுக்கா என்பதை மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒரே ஆவணத்தில் வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும்.